வெளியே பார்த்து நிறுத்திய வண்டி

அவர் எங்கள் வீட்டுக்கு மொத்தம் மூன்று முறைதான் வந்திருக்கிறார். முதல் இரண்டு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு குனிந்து, இரண்டையும் கையால் திருப்பி, முனை படிக்கட்டைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் முதல் மாடியில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை உதறிவிட்டு வருவார்கள். ஒன்று ஒரு மூலையில் கிடக்கும், இன்னொன்றைப் போகும்போது தேடுவார்கள். செருப்பைத் திருப்பி வைக்கிற ஆளை என் கணவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் போன பிறகு, "யாரு இவர்? வரும்போதே கிளம்பிண்டு வரார்" என்றார்.

தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுபவர் என்று சொன்னேன். நெருப்பைக் கண்டால் ஓடிவிடுகிற வகையோ என்று அவர் கேட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிலையத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் ரிவர்ஸ் பாய் ஆகிவிடும். காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கே தீப்பிடித்தாலும், எந்தச் சந்தாக இருந்தாலும், வண்டியை அவர் நேராக உள்ளே ஓட்டிக்கொண்டு போகமாட்டார். தெருமுனையில் திருப்பி, பின்பக்கமாகவே உள்ளே கொண்டுபோவார். வண்டியின் மூஞ்சி எப்போதும் வெளியே போகிற வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருமுறை தி. நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் புகை வந்து, நானும் அந்த வண்டியில் போயிருந்தேன். சந்தின் இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள், மேலே தொங்கும் கேபிள்கள், நடுவில் பை பையாகத் துணி வாங்கிய கூட்டம். கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். இவர் நிதானமாக வண்டியைத் திருப்புகிறார். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி கொஞ்சம் முன்னால். கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்கக் கூடாத வார்த்தை ஒன்றை வீசினான். இவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் எரிந்தது ஒரு இஸ்திரிப் பெட்டியும் நாலு புடவைகளும்தான். இரண்டு வாளித் தண்ணீரில் தீர்ந்த வேலை. திரும்பும் வழியில் எல்லோரும் அவரை ஓட்டித் தள்ளினார்கள். அவர் பதில் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

"உள்ள போவத்துக்கு சந்து பொந்து எதுவா இருந்தாலும் போய்டலாம் மேடம். வெளிய வர்றப்ப கண்ணு தெரியாது. அத்த நெனச்சுத்தான் நிறுத்துறேன்."

மற்றவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்து ஏன் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவருடைய பழக்கமெல்லாம் இந்த ஒன்றிலேயே வந்து முடியும். டீக்கடையில் பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தாலும் தெருவை ஒட்டிய ஓரத்தில்தான் உட்காருவார். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கதவோரம் நிற்பார். ஆதம்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை நானும் கணவரும் போனபோது அவர் மனைவி பெரிய குறை ஒன்றைச் சொன்னார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகிறதாம், தியேட்டரில் ஒரு படத்துக்கும் முடிவைப் பார்த்ததில்லையாம். கடைசி இருபது நிமிஷம் இருக்கும்போதே, கூட்டம் எழுந்தால் வாசலில் நெருக்கும் என்று இவர் கிளப்பிவிடுவாராம். "யாரு செத்தாங்க, யாரு பொழச்சாங்கன்னு பக்கத்து வீட்ல கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும்" என்றார் அந்த அம்மா. பாய் அதற்கும் சிரிக்கவில்லை. புன்னகை மட்டும்தான். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த அம்மாவின் பழைய துப்பட்டா ஒன்றிலிருந்து கிழித்த ஆரஞ்சு நிறத் துணி, ஒரு முழம் இருக்கும், வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் எப்போதும் கட்டியிருக்கும். காற்று பார்க்க.

காற்று பார்ப்பதுதான் எனக்கும் வேலை. அடையாறு பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். டீசல், பெட்ரோல், கழிவு எண்ணெய் இதெல்லாம் எரிந்தால் புகை எந்தப் பக்கம் போகும், எவ்வளவு தூரத்தில் தரைக்கு இறங்கும், அதில் விஷம் எவ்வளவு, அதற்குள் ஒரு ஆள் எத்தனை நிமிஷம் நிற்கலாம் என்று கணினியில் கணக்குப் போட்டுப் படமாகக் காட்டுவேன். சிவப்பு இருந்தால் போகக் கூடாது. மஞ்சளில் முகமூடி வேண்டும். பச்சையில் நிற்கலாம். அதைத் தயார் செய்ய எனக்கு ஏழு வருஷம் ஆனது. அதன் மேல் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்ற பிள்ளையின் ரேங்க் கார்டைக் காட்டுகிற மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

பாய் இருந்த தீயணைப்பு நிலையத்தில் ஆறு மாதம் சோதனை முறையில் அதைப் பயன்படுத்திப் பார்ப்பதாக ஏற்பாடானது. முதல் நாள் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். கரும்புகை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதற்குப் பயப்படுகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் அது நிற்காது என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"இந்தப் படத்துல வண்டி எங்க கீது மேடம்?"

வண்டி இந்தக் கணக்கில் வராது என்றேன். அப்படியானால் ஆட்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று கேட்டார். அது உங்கள் அதிகாரி முடிவு செய்வது என்றேன். காற்று எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்கும் கருவியிலிருந்து வருகிறது, ரொம்பத் துல்லியமானது என்று சொல்லி, அந்தத் துல்லியத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாம மீனம்பாக்கத்துல இல்லியே மேடம்" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அன்று எரிச்சலில் சார்ஜரை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். அதைக் கொடுக்கத்தான் சாயங்காலம் முதல்முறையாக வீட்டுக்கு வந்தார், செருப்பைத் திருப்பி வைத்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள் காலை, பத்து மணி வாக்கில் நிலைய அதிகாரி போன் செய்தார். அடையாறு ஆற்றை ஒட்டி, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற ஒருவருடைய கொட்டகையில் டீசல் பீப்பாய்கள் எரிகின்றன, உடனே வரவேண்டும் என்றார். ஆட்டோ பிடித்துப் போனேன். அது ஒரு முட்டுச்சந்து. மேற்கே வாசல், கிழக்கே கடைசியில் கொட்டகை, அதற்கப்புறம் ஆறு. இரண்டு பக்கமும் உயரமான மதில். நான் போனபோது வண்டி ஏற்கெனவே பாதிச் சந்துக்குள் நின்றது. மூஞ்சி மேற்கே, வாசலைப் பார்த்து. அதைத் திருப்பி உள்ளே கொண்டுவர நேரமானதில் அதிகாரிக்குக் கோபம், முகத்திலேயே தெரிந்தது.

மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கரும்புகை முழுவதும் கிழக்கே சாய்ந்து ஆற்றுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சந்துக்குள் ஒரு சுருள் கூட இல்லை. அதிகாரி கேட்டது ஒன்றுதான்: இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் புகை வராது? சந்து வாசலில் ஓரமாக நின்ற ஆட்டோவின் சீட்டில் மடிக்கணினியை வைத்துப் பார்த்தேன். சந்து முழுக்கப் பச்சை. கடற்காற்று திரும்ப இரண்டு மணியாகும் என்றது கணக்கு.

"ரெண்டு மணி வரைக்கும் பயமில்ல சார்" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதும் என்ன நடந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, கண்ணால் பார்த்தேன். மூச்சுக்காற்று சிலிண்டர் குறைவாக இருந்ததால், அதை மிச்சம் பிடிக்க, சந்துக்குள் குழாயைப் பிடித்திருந்த மூன்று பேரும் முகமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். முன்னால் நெருப்புப் பக்கம் நின்ற மூன்று பேர் மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. நெருப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. யாரோ எனக்கு மோர் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பன்னிரண்டு அடிக்கும் முன்னாலேயே அந்த ஆரஞ்சுத் துணி தொங்கிவிட்டது.

பாய் வண்டியை விட்டு இறங்கித் துணியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அடுக்கு வீட்டின் மொட்டை மாடியைப் பார்த்தார். அங்கே கொடியில் ஒரு நைட்டியும் இரண்டு சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன. அவை ஆடாமல் நின்று, பிறகு லேசாக இந்தப் பக்கம், மேற்குப் பக்கம், உப்பின. அவ்வளவுதான். அவர் வண்டிக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்தி அழுத்தி மூன்று முறை நீளமாக அடித்தார். எல்லோரும் வெளியே வா என்று அர்த்தம். அதை அடிக்கச் சொல்ல வேண்டியவர் அதிகாரி. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

யாரைக் கேட்டு அடித்தாய் என்று அவர் கத்தினார்.

"காத்து செத்துப்போச்சு சார். திரும்பிகினு கீது."

நான் கணினியைப் பார்த்தேன். அம்பு இன்னும் கிழக்கே காட்டியது. சந்து இன்னும் பச்சை. வாய் சும்மா இருக்கக் கூடாதா? "மீனம்பாக்கத்துல இன்னும் மேல்காத்துதான் பாய்" என்று சொன்னேன்.

"அங்க இருக்கட்டும் மேடம்" என்றார், என் பக்கம் திரும்பாமல். "எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க சார்."

அதிகாரி ஒரு நொடி என்னைப் பார்த்தார், ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். ஆட்கள் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். வண்டி திரும்ப வேண்டியதில்லை, பின்னால் எடுக்க வேண்டியதில்லை. குழாயைப் பிடுங்கிக்கொண்டு நேராக வெளியே வந்தது. அது வாசலைத் தாண்டும்போதே பின்னால் சந்து கறுத்துவிட்டது. ஆற்றுக்கு மேலே போய்க்கொண்டிருந்த அத்தனை புகையும் திரும்பி, இரண்டு மதிலுக்கும் நடுவே தரையோடு தரையாக வந்தது. கடற்காற்று கடலோரத்தில் இருக்கும் அடையாறுக்கு முதலில் வரும், உள்ளே தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்துக்குப் பிறகுதான் போகும். சென்னையில் துணி காயப்போடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏழு வருஷம் படித்துப் படித்துக் கணக்குப் போட்ட எனக்கு அது தோன்றவில்லை.

வண்டியில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். சந்துக்குள் குழாயைப் பிடித்திருந்த மூவரில் ஒருவனான மூர்த்தி இல்லை. குழாயின் முனையை மூடிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிவிட்டதாக ஒருவர் சொன்னார். அவனுடைய முகமூடி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லா இடத்திலும் வெளியே போகிற வழியைப் பார்த்து உட்கார்ந்தவர், படம் முடிவதற்குள் எழுந்து போனவர், அன்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தக் கறுப்புக்குள் நடந்து போனார். ஓடவில்லை. இடது கையால் மதிலைத் தடவிக்கொண்டு போனார். நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதே மதிலைத் தடவிக்கொண்டு அவர் வெளியே வந்தார். மூர்த்தியின் சட்டைக் காலரை வலது கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மூர்த்திக்கு நினைவு இருந்தது, மூச்சுதான் சரியாக இல்லை.

இதற்குப் பிறகு வந்த ஆறு மாதம் எனக்கு மோசமான காலம். மூர்த்தி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஆனால் மாடி ஏறினால் நின்று நின்று ஏறவேண்டியிருந்தது. நுரையீரல் பழைய நிலைக்கு வருமா, தீயணைப்பு வேலைக்கு மறுபடி போகலாமா என்று டாக்டரால் உடனே சொல்ல முடியவில்லை. மாதம் ஒருமுறை வந்து குழாயில் ஊதிக் காட்ட வேண்டும் என்றார். மேற்கு மாம்பலத்தில் இரண்டு குழந்தைகளோடும் அம்மாவோடும் இருந்த ஒரு மனிதனின் பிழைப்பு அந்தக் குழாயில் நின்றது. ஒவ்வொரு முறையும் பாய்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். இதற்கு நடுவில், உத்தரவு இல்லாமல் பின்வாங்கும் ஹாரன் அடித்ததற்கு விளக்கம் கேட்டு பாய்க்கு மேலிடத்திலிருந்து கடிதம் வேறு வந்தது. அவர் எழுதிய பதிலை அதிகாரி எனக்குக் காட்டினார். காற்று மாறியது, அடித்தேன் என்று ஒரு வரி. இரண்டு மணி வரை பயமில்லை என்று சொன்ன மேடத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அந்த ரம்ஜானுக்கு ஒரு தூக்கில் சேமியா பாயசம் எடுத்துக்கொண்டு இரண்டாவது முறையாக வீட்டுக்கு வந்தார். முட்டை, கறி எதுவும் வைக்காத அடுப்பில் தனியாகக் காய்ச்சியது என்று என் கணவரிடம் விளக்கம் சொன்னார். செருப்பு அப்போதும் திருப்பித்தான் வைத்திருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"என் கணக்குதான் தப்பு பாய். நான் சொன்னதாலதான் அவங்க முகமூடிய கழட்டினாங்க."

"தெரியும் மேடம். அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதல?"

அவர் தூக்கின் மூடியைத் திறந்து மேஜைமேல் வைத்தார். "எழுதினா உங்கள மறுபடி கூப்ட மாட்டாங்க. அந்தப் படம் தப்பாவே நின்னுடும். வேற ஒரு ஊர்ல வேற ஒரு மூர்த்தி அத்த நம்பி முகமூடியக் கழட்டுவான். நீங்கதான் சரி பண்ணணும்."

நான் அழுதேன். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றினார். மறுநாளே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினேன். ஹாரன் அடிக்காமல் இருந்திருந்தால் ஆறு பேரும் சந்துக்குள் இருந்திருப்பார்கள், அதற்குக் காரணம் நான் கொடுத்த தகவல் என்று எழுதினேன். கொஞ்ச நாளில் பாய் மீதான விசாரணையைக் கைவிட்டதாகத் தகவல் வந்தது. என்னையும் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டினார்கள். வேண்டியதுதான்.

மூன்றாவது முறை அவர் வந்தது ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். கீழே ஸ்கூட்டர் வந்து எதிலோ இடிக்கிற சத்தம் கேட்டது. படி ஏறிவந்தவர் வாசலில் காலை உதறினார். ஒரு செருப்பு கவிழ்ந்து விழுந்தது, இன்னொன்று கதவுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மூர்த்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"மூர்த்தி ஊதிட்டான் மேடம். டாக்டர் போதும்பா, நிறுத்துன்றாரு. இவன் நிறுத்தாம ஊதிகினே கீறான். திங்கக்கெழமையிலேர்ந்து டூட்டிக்கு வரலாமாம்."

நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனதை உடம்பாலேயே உணர முடிந்தது. அவரும் உட்கார்ந்தார், அன்று கதவோர நாற்காலியில் இல்லை, ஜன்னலோரம், உள்ளே தள்ளி. காபி குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, அந்தப் படம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று விசாரித்தார். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். கடலோரத்தில் நாங்கள் புதிதாக வைத்த நாலு கருவிகளின் காற்றும் அதில் வந்துகொண்டிருந்தது. சந்துக்குள் ஒரு சின்னச் சிவப்புக் கட்டமும் இருந்தது.

"இது வண்டியா?"

"ஆமா பாய்."

"மூஞ்சி எந்தப் பக்கம்?"

பெரிதாக்கிக் காட்டினேன். வெளியே பார்த்துத்தான் இருந்தது. புகை திரும்பினால் அது வெளியே வர எத்தனை வினாடி என்பதும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். சரி என்று மட்டும் சொன்னார். என் ஏழு வருஷ வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை மட்டும்தான் நான் கணக்கில் வைப்பேன்.

வழியனுப்பக் கீழே இறங்கினோம். ஸ்கூட்டர் மூக்கை மதிலில் முட்டிக்கொண்டு, ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் கார், ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாயின் விளிம்பு, நடுவில் சொருகி நின்றது. வந்த வேகத்தில் அப்படியே நேராக விட்டிருக்கிறார். இருபது வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "மூஞ்சிய உள்ள விட்டா வெளிய எடுக்கறது இவ்ளோ கஷ்டமா மேடம்?" என்று என்னிடமே கேட்டார்.

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சக்கரத்தைத் தூக்கினார். நான் கைப்பிடியைப் பிடித்தேன். அதை வெளியே எடுக்க எங்களுக்குப் பத்து நிமிஷமானது. அந்தப் பத்து நிமிஷமும் பாய் உதவி செய்கிற பேரில் மதிலில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.